அத்தாவின் இரண்டு விரல்களும் ஒரு மேசை ரம்பமும்



வீட்டில் ஓய்வு நேரத்தில் மரவேலை செய்பவர் ஒருவர், தம் சக்திக்கு உட்பட்ட விலையில் ஒரு சிறிய மேசை ரம்பத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். மரவேலைக்காரர்கள் இதனை ‘டேபிள் சா’ என்றும், சில இடங்களில் வெறுமனே ‘டேபிள் கட்டர்’ என்றும் சொல்வார்கள். மேசைப் பரப்பின் நடுவிலிருந்து வட்ட பிளேடு எழுந்து நிற்கும். நாம் மரத்தை அதன்மீது தள்ளிக்கொண்டே போக, அது நேர்கோட்டில் அறுபடும். ஓர் இயந்திரம் வாங்கிய கதையை இங்கே எழுதுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். எங்கள் வீட்டில் இது வெறும் இயந்திரத்தின் கதையாக இருக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் அத்தா தச்சர். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அவர்கள் கூலிக்கு வேலை பார்த்த பட்டறை ஒன்றில், பலகையால் கூட்டிய மேசையும் அடியில் மோட்டாரும் பெல்ட்டுமாக இருந்த ஒரு ரம்பத்தில் வலக்கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் இழந்தார்கள். அந்த மேசையில் தடுப்பு என்று எதுவுமே இல்லை. அக்காலத்தில் எந்தப் பட்டறையிலும் நான் அதைப் பார்த்ததில்லை. பள்ளிவாசலில் அத்தாவின் பக்கத்தில் தொழுதுகொண்டிருக்கும்போது, அத்தஹிய்யாத்தில் எல்லோருடைய வலக்கைச் சுட்டுவிரலும் உயரும் நேரத்தில், அத்தாவின் கையில் அடிக்கணு மட்டும் மெல்ல உயர்வதை ஓரக்கண்ணால் பார்த்து வளர்ந்தவன் நான். அத்தா அதைப் பற்றி ஒருநாளும் புலம்பியதில்லை. ஆனால் என்னைத் தச்சுவேலைக்கு அனுப்பவும் இல்லை. படிக்க வைத்தார்கள். இன்று கல்வராயன் மலையில் ஓர் அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். வீடு கள்ளக்குறிச்சியில். வாரத்தில் ஐந்து நாட்கள் கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் பேருந்துப் பயணம்.

அனுப்பாவிட்டால் என்ன, இரத்தத்தில் இருப்பது போகுமா? எங்கள் ஊர் மரத்தோடு பிறந்த ஊர். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்கும் நினைவிருக்கும். 2019 நவம்பரில்தான் இது தனி மாவட்டமானது. ஆனால் உளியும் கொட்டாப்புளியும் மோதும் ஓசை அதற்குப் பல தலைமுறைகள் முன்பே இந்தத் தெருக்களில் கேட்டுக்கொண்டிருந்தது. சிற்பப் பட்டறைகளில் வாகை, மா, வேம்பு, தேக்கு என்று பலவகை மரங்களின் ஓரத்துண்டுகள் குவிந்து கிடக்கும். அவற்றை விறகு விலைக்கு வாங்கி வந்து முன்வாசலில் உட்கார்ந்து முக்காலியோ அலமாரித் தட்டோ செய்வது பத்து ஆண்டுகளாக எனக்குப் பழக்கம். எல்லாம் கை ரம்பத்தில்தான்.

மாற்றம் வந்தது எங்கள் மஹல்லா மத்ரஸாவினால். மாலையில் ஓத வரும் பிள்ளைகள் குர்ஆனை வைத்து ஓதும் ரைஹால் பலகைகள் பிளாஸ்டிக்கில் இருந்தன. கீல் உடைந்து, கயிறு கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்துகொண்டிருந்தன. ஏழு வயதாகும் என் மகன் ஒருநாள் வந்து, “அத்தா, நீங்க மரத்துல செஞ்சு கொடுக்க மாட்டீங்களா? ஹஜ்ரத்கிட்ட செய்வீங்கன்னு சொல்லிட்டேன்” என்றான். சொல்லிவிட்டான்! எத்தனை என்று கேட்டேன். முப்பது.

ரைஹால் செய்வதை அறியாதவர்களுக்கு ஒரு சொல். நல்ல ரைஹாலுக்கு ஆணியோ கீலோ கிடையாது. ஏறத்தாழ ஏழு அங்குல அகலமும் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமான கனமும் உள்ள ஒரே பலகை. அதன் நடுவில் விரல்கள் கோத்துக்கொள்வது போன்ற கணுக்களை உளியால் செதுக்கி, பிறகு இரு முனைகளிலிருந்தும் பலகையின் கனத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு வந்தால், அது தன்னுள்ளிருந்தே விரிந்து பெருக்கல் குறிபோல நிற்கும். இதற்கெல்லாம் அடிப்படை, பலகையின் இரு ஓரங்களும் துல்லியமாக இணையாக இருப்பது. ஓரம் ஒரு நூல் கோணினாலும் கணுக்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு திறக்காது. பட்டறை ஓரத்துண்டுகளில் நேரான ஓரம் ஏது? ஒரு பலகையைக் கை ரம்பத்தில் நீளவாட்டில் அறுத்து இழைப்புளியால் நேராக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் பிடித்தது. ரமலானுக்கு நான்கு மாதங்கள்தாம் இருந்தன. மேசை ரம்பம் என்ற எண்ணம் அப்போதுதான் முளைத்தது.

எண்ணத்தை வெளியிட்டதும் அறிவுரைகள் குவிந்தன. நண்பர் ஒருவர், “அதெல்லாம் எதுக்குச் சார்? கையில பிடிக்கிற வட்ட ரம்பம் ஒண்ணு வாங்குங்க. பிளைவுட்ல துளை போட்டு அடியில கவுத்து மாட்டினா டேபிள் ஆச்சு. ஏழெட்டாயிரத்துல முடிஞ்சிடும்” என்றார். அவர் வீட்டில் அப்படியொன்று வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனையும் அழைத்துக்கொண்டு பார்க்கப் போனேன். முதல் இரண்டு துண்டுகள் வெண்ணெய்போல் அறுந்தன. எனக்கு ஆசை ஏறிவிட்டது. மூன்றாவதாக ஒரு மாம்பலகையைத் தள்ளினேன். பாதி போனதும் ஒரு கணம் இறுகியது. அடுத்த கணம் பலகை என் இடுப்பை உரசிக்கொண்டு பின்னால் பறந்து சுவரில் மோதி, காரையைப் பெயர்த்துவிட்டு விழுந்தது. மகன் தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தான். அவன் அதுவரை நின்றுகொண்டிருந்த இடம் அந்தச் சுவரடிதான். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாயெடுத்தேன், குரல் வரவில்லை.

அன்று நடந்ததன் காரணத்தைப் பின்னர்ப் படித்தும் கேட்டும் புரிந்துகொண்டேன். இந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கான சாவியே அதில்தான் இருக்கிறது என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். மேசை ரம்பத்தின் பிளேடு சுழலும்போது, நமக்கு எதிரே இருக்கும் பற்கள் கீழ்நோக்கி இறங்கி மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. சில மரங்களுக்குள்ளே முறுக்கு இருக்கும், ஈரமும் மிச்சமிருக்கும். அறுபட்டதும் இரு பாதிகளும் விரியாமல் ஒன்றையொன்று நெருங்கிப் பிளேடைக் கவ்வும். கவ்வியதும் பின்பக்கப் பற்கள் மரத்தைத் தூக்கி நம்மை நோக்கி எறிந்துவிடும். பிளேடின் விளிம்பு சுழலும் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். எறியப்படும் மரத்தைவிடப் பெரிய ஆபத்து, அந்தக் கணத்தில் மரத்தைப் பிடித்திருக்கும் கை பிளேடை நோக்கி இழுபடுவது. அத்தாவுக்கு நடந்தது அதுதான் என்று அன்றிரவு முதல்முறையாக எனக்கு உறைத்தது. கவனக்குறைவு என்றே அவர்கள் இத்தனை ஆண்டுகளும் தம்மைக் குறைசொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு மாற்று மிக எளிய ஒன்று. பிளேடின் பின்னால், அதை ஒட்டினாற்போல், அதன் வளைவையே பின்பற்றி நிற்கும் ஒரு சிறிய எஃகுத் தகடு. ரைவிங் நைஃப் என்பார்கள். நான் பிளவுத் தகடு என்று வைத்துக்கொள்கிறேன். அறுபட்ட பிளவுக்குள் அது நுழைந்து நின்று, இரு பாதிகளும் நெருங்காமல் பார்த்துக்கொள்கிறது. பிளேடு ஏறினால் தானும் ஏறி, இறங்கினால் தானும் இறங்கும். அதன் கனம் பிளேடின் உடல் தகட்டைவிடக் கூடுதலாகவும், பற்கள் அறுக்கும் பிளவைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். கவிழ்த்து மாட்டிய கை ரம்பத்தில் இது பெரும்பாலும் இருப்பதில்லை. நண்பரின் மேசையிலும் இல்லை. ஆகவே என் முதல் நிபந்தனை உறுதியாயிற்று: பிளவுத் தகடும் பிளேடின் மேல்மூடியும் இல்லாத எந்த மேசை ரம்பமும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், எனக்கு வேண்டாம்.

இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பெயரறியாத சில இயந்திரங்களைப் பார்த்தேன். விளம்பரத்தில் வாட்டும் சுழற்சியும் பெரிய எழுத்தில் இருக்கும். நானும் முதலில் அதைத்தான் பார்த்தேன். வீட்டு வேலைக்கு வாட் என்பது கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம் என்பது என் முடிவு. எட்டேகால் அங்குல பிளேடு உள்ள இயந்திரம் ஏறத்தாழ 65 மில்லிமீட்டர் உயரம் வரை அறுக்கும். பத்து அங்குலமானால் 80 மில்லிமீட்டரை ஒட்டி வரும். ஓர் அங்குலப் பலகை அறுப்பவருக்கு இரண்டும் போதும். சிறியது எடையும் குறைவு. எங்களுடையது வாடகை வீடு. முன்வாசலில் வேலை முடித்ததும், பிள்ளைகள் ஓடும் இடமாயிற்றே என்று, உள்ளே தூக்கி வைத்தாக வேண்டும். இருபது இருபத்தைந்து கிலோ என்றால் ஒருவர் தூக்கலாம்.

உண்மையில் பார்க்க வேண்டியது கைடு. பிளேடுக்கு இணையாக நின்று மரத்துக்கு வழிகாட்டும் அந்த நீளச் சட்டம். மலிவு இயந்திரங்களில் அது முன்பக்கம் மட்டும் இறுகி, பின்பக்கம் ஆடும். பின்பக்கம் பிளேடை நோக்கி ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலே போதும். மரம் நெரிந்து, மேலே சொன்ன அதே விபத்து. இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பிளேடின் முன்பக்கப் பல் ஒன்றில் சாக்பீஸால் குறியிட்டு, அதற்கும் கைடுக்கும் உள்ள தூரத்தை அளங்கள். பிளேடைக் கையால் சுழற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கடையில் இதைச் செய்ய அனுமதிக்காவிட்டால் அங்கே வாங்காதீர்கள். நான் அளந்தபோது ஒரு கடைக்காரர் என்னை வினோதமாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

பெயர்பெற்ற நிறுவனங்களின் சிறிய மேசை ரம்பங்களில் இவையெல்லாம் ஒழுங்காக இருந்தன. விலைதான் என் இரண்டு மாதச் சேமிப்பையும் அதற்கு மேலும் விழுங்குவதாக இருந்தது. கையில் இருந்தது 12,000 ரூபாய். என் மைத்துனர், “மச்சான், கார்டுல வட்டியில்லாத் தவணை இருக்கே, ஆறு மாசத்துல கட்டிடலாம்” என்றார். நல்ல மனிதர், எனக்கு உதவ வேண்டுமென்றே சொன்னார். விவரம் கேட்டுப் பார்த்தேன். வங்கி வட்டியைக் கணக்கிட்டுத் தவணையில் சேர்க்கிறது; விற்பவர் அந்த அளவுத் தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார்; வட்டியின்மேல் வரியும் தனியாக வருகிறது. 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கியே, ‘பூஜ்ய வட்டி’ என்ற ஒன்று உண்மையில் இல்லை என்று வங்கிகளுக்கு எடுத்துரைத்திருக்கிறது. இதன் மார்க்கச் சட்டத்தை நான் சொல்லத் தகுதியுடையவன் அல்லன். உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. குர்ஆன் வைக்கும் பலகையை அறுக்கும் ரம்பத்தின் ரசீதில் வட்டி என்ற சொல் அச்சாகி வருவதை என்னால் ஏற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இடையில் மலைமேல் ஒரு பேச்சு நடந்தது. எங்கள் பள்ளியின் உடைந்த பெஞ்சுகளைச் சரிசெய்ய வயதான மலையாளித் தச்சர் ஒருவர் வருவார். கை ரம்பம், வாய்ச்சி, இரண்டு உளி. அவ்வளவே அவருடைய பட்டறை. மதிய உணவு வேளையில் என் தேடலைச் சொன்னேன். அவர் அறுத்துக்கொண்டிருந்த கட்டையை நிறுத்தாமலே, “முப்பது பலகைக்கா சார்? முப்பதும் முடிஞ்ச பிறகு அது என்ன பண்ணும்?” என்று கேட்டார். பதில் சொல்ல நேரம் பிடித்தது. அடுத்து அலமாரி செய்வேன், அக்கா மகளின் திருமணத்துக்குக் கட்டில் செய்வேன் என்றெல்லாம் ஏதோ சொன்னேன். அவர் சிரித்தார். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு பேருந்தில் இறங்கி வீடுவரை வந்தது. புதிய இயந்திரம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, பழையது கிடைக்குமா என்று பார்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

உள்ளலங்காரக் குத்தகை வேலை முடித்து ஊர் திரும்பவிருந்த ஒருவரிடம், இரண்டாண்டு பயன்படுத்திய எட்டேகால் அங்குல இயந்திரம் ஒன்று இருப்பதாகச் சின்னசேலத்திலிருந்து தகவல் வந்தது. போய்ப் பார்த்தேன். பிளேடைக் கழற்றி, அச்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன், ஆட்டம் இல்லை. ஓடவிட்டு, கார்பன் பிரஷ் இருக்கும் இடத்தில் தீப்பொறி மிகுதியாகத் தெரிகிறதா என்று பார்த்தேன்; இல்லை. சாக்பீஸ் சோதனை செய்தேன்; அரை மில்லிமீட்டர் வித்தியாசம், திருகினால் சரியாகிவிடக்கூடியது. விலை 16,500. எல்லாம் சரி. மேல்மூடியும் பிளவுத் தகடும் எங்கே என்றேன். “அதெல்லாம் வாங்கின அன்னிக்கே கழட்டிப் போட்டாச்சு பாய், வேலைக்கு இடைஞ்சல்” என்றார்.

அங்கேயே திரும்பியிருப்பேன். ஆனால் அந்த நிறுவனத்தின் உதிரிபாகப் பட்டியலில் இரண்டும் தனியாகக் கிடைக்கும் என்பதைத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெயர்பெற்ற நிறுவனத்தின் பழைய பொருள், பெயரறியாத புதிய பொருளைவிட மேலானது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்: ஐந்து ஆண்டுகள் கழித்தும் ஒரு தகடு வாங்க முடிகிறது. குறைந்த பணத்துக்கு அக்காவிடம் 8,000 ரூபாய் கேட்டேன். அக்கா எழுத வேண்டாம், தம்பிதானே என்றார். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது அல்லவா? ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொகை, தேதி, திருப்பித் தரும் மாதங்கள் எல்லாம் எழுதி, மச்சானையும் என் மனைவியின் சகோதரரையும் சாட்சியாகக் கையெழுத்திட வைத்தேன். தவணை யோசனை சொன்ன அதே மைத்துனர்தான், சிரித்துக்கொண்டே போட்டார்.

இயந்திரம் வந்துவிட்டது. தகடும் மூடியும் வர மூன்று வாரங்கள் ஆயின. அந்த மூன்று வாரங்கள்தாம் இந்தக் கதையிலேயே கடினமானவை. முன்வாசல் மூலையில் அது சாக்குப் போர்த்தி உட்கார்ந்திருக்கும். நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு பலகை, ஒரே ஒரு பலகை மட்டும் அறுத்துப் பார்த்தால் என்ன என்று ஒவ்வொரு மாலையும் நஃப்ஸ் கேட்கும். ஒருநாள் சாக்கை எடுத்தே விட்டேன். பிளக்கைச் செருகும் வேளையில் மஃரிபுக்கு பாங்கு ஒலித்தது. எழுந்து போய்விட்டேன். அதன்பின் பிளக்கை மனைவியின் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னேன்; அதாவது கம்பியின் முனையில் இருந்த மூன்று கால் பிளக்கையே கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

காத்திருந்த நாட்களில் மற்ற ஏற்பாடுகளைச் செய்தேன். இவ்வகை இயந்திரம் சுமார் எட்டு ஆம்பியர் இழுக்கும்; தொடக்கத்தில் இன்னும் அதிகம். சாதாரண சிறிய பிளக் பாயிண்டில் மாட்டக் கூடாது. மின்பணியாளரை அழைத்து 16 ஆம்பியர் சாக்கெட்டும் தரையிணைப்பும் சரிபார்த்தேன். புதிய பிளேடு, நாற்பது பல் கார்பைடு முனையுடையது, ஒன்று வாங்கினேன். நீளவாட்டு அறுப்புக்கு இருபத்து நான்கு பல்லும், பிளைவுட் சிலும்பாமல் அறுக்க அறுபது பல்லும் சிறப்பு. ஒன்றுதான் வாங்க முடியும் என்பவர் நாற்பதை வாங்கலாம். பிளேடின் நடுத்துளை இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும், 25.4 மில்லிமீட்டர் என்றும் 30 என்றும் வரும். அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். மீந்துபோன வேப்பம்பலகையில் தள்ளுகோல்கள் இரண்டு செய்தேன். பலகையின் கடைசிப் பகுதியைக் கையால் தள்ளாமல் இதனால் தள்ள வேண்டும். என்னைக் கேட்டால், தள்ளுகோல் செய்யத் தெரியாதவர் மேசை ரம்பம் வாங்கக் கூடாது.

முகக்கவசத்தை அலட்சியம் செய்யாதீர்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. வாகைத் தூள் உடனே தும்மலில் காட்டிவிடும். மற்றவை காட்டாமலே உள்ளே போகும். கையுறை மட்டும் வேண்டாம். நூல் பிளேடில் சிக்கினால் கையையே இழுத்துவிடும். ஜிப்பாவின் கைகளை முழங்கைக்கு மேல் மடித்துவிட வேண்டும். சத்தம் அண்டை வீட்டாருக்குத் தொல்லை. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அசருக்குப் பின் ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டுகிறேன் என்று அவர்களிடம் முன்கூட்டியே போய்ச் சொன்னேன்.

விரல் பட்டவுடனே நின்றுவிடும் மேசை ரம்பங்களும் உலகில் இருக்கின்றன. அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் 1999இல் உருவாக்கிய முறை அது. சாஸ்டாப் என்ற பெயரில் விற்பனையாகிறது. உடலின் மின்கடத்தும் தன்மையைப் பிளேடு உணர்ந்து, சில மில்லி விநாடிகளில் ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து அதைப் பிடித்து நிறுத்திவிடும். தொத்திறைச்சித் துண்டை வைத்து அவர்கள் காட்டும் செய்முறையை அத்தாவுக்குக் கைப்பேசியில் காட்டினேன். மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தார்கள். அந்த நாட்டில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 பேர் மேசை ரம்பக் காயத்துடன் மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்பதையும் படித்துக் காட்டினேன். “அங்கேயுமா?” என்று கேட்டார்கள். என்னைப் போன்றவர்களின் விலைக்கு அந்த இயந்திரம் எட்டாது. எட்டும் விலையில் இருப்பது தகடும் மூடியும் தள்ளுகோலுமே.

பொட்டலம் வந்த அன்று அத்தா முன்வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பிளவுத் தகட்டைப் பொருத்தி, பிளேடோடு ஒரே கோட்டில் நிற்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அருகில் வந்து குனிந்து, மீந்த மூன்று விரல்களால் அந்தத் தகட்டைத் தடவிப் பார்த்தார்கள். அது என்ன செய்யும் என்று விளக்கினேன். பிளவு நெருங்குவதையும், பின்பக்கப் பற்கள் தூக்கி எறிவதையும், கை இழுபடுவதையும், நண்பர் வீட்டுச் சுவரையும் சொன்னேன். அதுவரை சுவர்ச் செய்தியை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

“அப்ப அன்னிக்கு என் கைதான் தப்புப் பண்ணுச்சுன்னு இல்லையா?” என்றார்கள்.

“இல்லத்தா.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, “இந்தத் தகடு என்ன விலை?” என்று கேட்டார்கள்.

“நானூத்தி அம்பது ரூபா, அத்தா.”

அத்தா ஒன்றும் சொல்லவில்லை. திண்ணைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். அசருக்கு உளூச் செய்ய எழுந்தபோது வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் முதல் பலகையை அறுத்தேன். பிஸ்மி சொல்லி, பிளேடை மரத்துக்கு மேல் ஒரு பல் தெரியும் அளவுக்கு மட்டும் ஏற்றி, பின்னால் யாருமில்லை என்று பார்த்து, பிளேடின் நேர்கோட்டிலிருந்து ஒதுங்கி நின்று தள்ளினேன். மகனை வாசற்படிக்கு உள்ளேதான் நிறுத்தியிருந்தேன். கோடு ஒன்று சாக்பீஸால் போட்டு, அதைத் தாண்டினால் இயந்திரம் நின்றுவிடும் என்று ஒப்பந்தம். ஒரு மாலைப்பொழுது பிடித்த வேலை நான்கு நிமிடத்தில் முடிந்தது. ஒருவருக்கு எச்சரிக்கையாக இதையும் சொல்லிவிடுகிறேன்: ரைஹாலின் கனத்தைப் பிளக்கும் வேலையை இந்த இயந்திரத்தில் செய்ய முயலாதீர்கள். குட்டையான பலகையைச் செங்குத்தாக நிறுத்தித் தள்ள வேண்டியிருக்கும், மிகவும் ஆபத்து. அதற்குக் கை ரம்பமே. மலைமேல் இருக்கும் அந்தப் பெரியவரிடம் போய், கோடு விலகாமல் பிளப்பதை இரண்டு மதிய வேளைகளில் கற்றுக்கொண்டேன்.

ஜகரிய்யா நபி (அலை) தச்சராக இருந்தார்கள் என்று ஹதீஸில் வருவதை ஹஜ்ரத் ஒரு ஜும்ஆவில் சொல்லி, என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். எனக்கு அப்போது அத்தாவின் முகத்தைப் பார்க்கத்தான் தோன்றியது. அவர்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள்.

இதை எழுதும் இன்று பதினேழு ரைஹால்கள் முடிந்திருக்கின்றன. கணுக்களைச் செதுக்குவது அத்தா. உளியை மூன்று விரலும் உள்ளங்கையுமாகப் பிடிக்கும் ஒரு முறையை அவர்கள் எப்போதோ பழகி வைத்திருந்தார்கள். முப்பது ஆண்டுகளாக நான் அதைப் பார்த்ததே இல்லை. அக்காவின் கடனில் இன்னும் 3,000 ரூபாய் மிச்சம். ரமலானுக்கு ஆறு வாரங்கள் இருக்கின்றன. மாம்பலகை தீர்ந்துவிட்டது, இந்த ஞாயிறு வாகை ஓரத்துண்டு கேட்டுப் பட்டறைத் தெருவுக்குப் போக வேண்டும். தானும் வருவதாக அத்தா சொல்லியிருக்கிறார்கள்.